காயலான் கடையில் கிடைக்கும் பழைய மெயின்பிரேம் கார்டை அடையாளம் காண்பது எப்படி

கீழக்கரையில் நான் வழக்கமாகப் போகும் காயலான் கடையில், ஓர் ஐப்பசி மாத மதியம், கடைக்காரக் காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணன் முறைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு சாக்கை என் முன்னால் கவிழ்த்தார். உள்ளே ஐம்பது அறுபது கார்டுகள் இருக்கும். எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற அளவு. ஒவ்வொன்றிலும் ஆறு அலுமினியச் சதுரங்கள், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை, தரையில் ஓடு பாவியது போல வரிசையாக உட்கார்ந்திருந்தன. “தம்பி, நீங்கதான் போட்டுல வயர்லெஸ்ஸெல்லாம் பாக்குறீங்களே. இது எதுல உள்ள சாமான்?” என்று கேட்டார்.

மண்டபம் ஊரில் விசைப்படகுகளின் வயர்லெஸ், எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ் பழுது பார்ப்பது என் தொழில். அந்தச் சதுரங்களைப் போல ஒன்றை நான் எந்தப் படகிலும் பார்த்ததில்லை. எடை போட்டு நாலு கார்டு வாங்கி வந்தேன். அவை ஐபிஎம் கம்பெனியின் சிஸ்டம்/360 என்ற 1960களின் பெரிய கணினிக் காலத்துச் சரக்கு என்று புரிவதற்கு எனக்கு மூன்று மாதம் ஆனது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு சாயங்காலம் போதும். அந்த ஒரு சாயங்காலத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் கடற்கரைக்கு இப்படிப்பட்ட சாமான்கள் பல வழியில் வந்து சேர்கின்றன. வாலிநோக்கத்தில் ஒரு காலத்தில் கப்பல் உடைத்தார்கள். சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பழைய எலக்ட்ரானிக்ஸ் லாட் லாட்டாக வருகிறது. கல்ஃபுக்கும் மலேசியாவுக்கும் போய்த் திரும்பியவர்களின் வீட்டுப் பரணைக் காலி செய்யும்போதும் என்னென்னவோ இறங்கும். எந்த வழியில் வந்தாலும் கடைக்கு வரும்போது அதன் பூர்வீகம் தொலைந்து போயிருக்கும். கையில் இருக்கும் துண்டை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும்.

சந்தையில் மீன் வாங்கும் நம்மூர்ப் பெண்கள் செதில் மின்னுவதைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். பழைய கார்டில் பொன்முலாம் பூசிய பின்கள்தான் செதில். செவுள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

புராசஸர் என்றால் என்ன என்பதை மறந்துவிட்டு ஆரம்பியுங்கள்

செல்போனும் லேப்டாப்பும் பழகிய நமக்குப் புராசஸர் என்றால் ஒரே ஒரு சில்லு. இந்தப் பழக்கம் 1971-ல் இன்டெல் 4004 வந்த பிறகு தொடங்கியது. மெயின்பிரேம் வேறு பாதையில் வந்தது. வங்கிக் கணக்கு, ரயில்வே கணக்கு, சம்பளப் பட்டியல் போடுவதற்காகச் செய்யப்பட்ட அந்தப் பெரிய கணினிகளில் புராசஸர் என்பது ஒரு பீரோ. சில இயந்திரங்களில் பீரோக்களின் வரிசை. அதற்குள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கார்டுகள். இரண்டு எண்களைக் கூட்டுகிற வேலையில் ஒரு துளியை ஒரு கார்டு செய்யும், அடுத்த துளியைப் பக்கத்துக் கார்டு செய்யும்.

ஆக உங்கள் கையில் இருப்பது ஒரு சுவரிலிருந்து உருவிய செங்கல். “இது எந்தக் கம்ப்யூட்டரின் புராசஸர்?” என்று எடுத்தவுடன் கேட்டால் பதில் கிடைக்காது. முதலில் எந்தத் தொழில்நுட்பக் குடும்பம், அப்புறம் எந்த வருடத்தை ஒட்டியது, அதன் பிறகு என்ன வேலை செய்தது. இயந்திரத்தின் பெயர் கடைசியில்தான் வரும். சில கார்டுகளுக்கு வராமலே போகும். அதற்காக வருத்தப்படத் தேவையில்லை.

கேளுங்கள், படம் எடுங்கள், கழுவாதீர்கள்

கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. எந்தச் சாக்கில் வந்தது, கூட வேறென்ன வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பெரிய இயந்திரங்களில் பெயர்த்தகடு ஒன்று அடித்திருப்பார்கள், அதில் நான்கு இலக்க மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். இந்தத் தகடு அலுமினியக் குவியலுக்குப் போயிருக்கும், கார்டு வேறு குவியலில் கிடக்கும். நாலு கார்டை விட அந்த ஒரு தகடு மேல். பத்து நிமிடம் கிளறிப் பார்க்கத் தயங்காதீர்கள். காக்கா கோபிக்க மாட்டார், டீயும் வாங்கித் தருவார்.

வீட்டுக்கு வந்ததும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் மங்கிய அச்சு எழுத்துக்கூடத் தெரியும். நேர் வெளிச்சத்தில் அலுமினிய மூடி கண்ணைக் கூசவைக்கும், எழுத்து மறைந்துவிடும்.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன். வாங்கி வந்த நாலு கார்டில் ஒன்றை அன்று ராத்திரியே போர் தண்ணீரில் நனைத்து, பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தேன். நம்மூர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காய்ந்ததும் கார்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. ஒரு வாரத்தில் செம்புத் தடங்களின் ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், மூடிகளின் மேல் மையால் அச்சடித்திருந்த எண்கள் நாரோடு போய்விட்டன. அந்த எண்தான் செவுள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆகவே, முதலில் மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஒட்டிய அழுக்கு இருந்தால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சை நனைத்து, எழுத்து இல்லாத இடத்தில் மட்டும் ஒற்றி எடுங்கள். மருந்துக் கடையிலோ மொபைல் உதிரிபாகக் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நல்லதுதான். ஆனால் பழைய அச்சு மை சிலது அதில் கரையும். ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஸ்டிக்கர் எதையும் உரிக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக் குடும்பம் சொல்வது

சில்லும் பாகங்களும் எதில் உட்கார்ந்திருக்கின்றன, எப்படி மூடப்பட்டிருக்கின்றன, எப்படிக் குளிரூட்டப்பட்டன. இந்த மூன்றையும் பார்த்தால் குடும்பம் தெரியும். உலகத்தில் அதிகம் விற்றதும், அதிகம் குப்பைக்குப் போனதும் ஐபிஎம் இயந்திரங்கள் என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குவோம்.

ஒற்றை அடுக்குப் பலகை, அதன் மேல் ரெசிஸ்டர், டையோடு, வட்டமான உலோகத் தொப்பி போட்ட டிரான்சிஸ்டர் எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. ஐசி, அதாவது ஒரு முழுச் சுற்றையே ஒரே சில்லில் அடக்கிய பாகம், ஒன்றுகூட இல்லை. சுமார் இரண்டரை அங்குலத்துக்கு நாலரை அங்குலம். ஓரத்தில் பொன்முலாம் பூசிய 16 பட்டைகள், அவற்றுக்கு ஆங்கில எழுத்து ஏ முதல் ஆர் வரை பெயர், ஐ-யும் ஓ-வும் மட்டும் விட்டுப் போயிருக்கும். இப்படி ஒன்று கிடைத்தால் அது எஸ்எம்எஸ் கார்டு. செல்போனில் அனுப்பும் எஸ்எம்எஸ் அல்ல, ஸ்டாண்டர்ட் மாடுலர் சிஸ்டம் என்பதன் சுருக்கம். 1959-ல் அறிவிக்கப்பட்ட 1401 என்ற ஐபிஎம் கணினியிலும், அதன் கூட்டாளிகளான 7090-லும், 1620-லும் இவைதான். இந்தியாவுக்கு இந்தக் குடும்பம் நன்றாகவே தெரியும். ஐஐடி கான்பூரில் 1963-ல் 1620 வந்தது, ரயில்வே 1960களில் 1401-களை வாங்கியது.

அதன் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் என்றால் பொது. கார்டில் பொறித்திருக்கும் மூன்று நான்கு எழுத்துக் குறி அது என்ன சுற்று என்று சொல்லும். எந்த இயந்திரம் என்று சொல்லாது. அதே குறியுள்ள கார்டு கணினியிலும் இருக்கும், அச்சு இயந்திரத்திலும் இருக்கும். ஆகவே “இது 1401-ன் புராசஸர் கார்டு” என்று ஒருவர் சத்தியம் செய்து விற்றால், பெயர்த்தகட்டையோ அது செருகியிருந்த இடத்தின் படத்தையோ கேளுங்கள்.

அடுத்தது காக்காவின் சாக்கில் இருந்த சதுரங்கள். 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் சிஸ்டம்/360-ஐ அறிவித்தது. அதற்காகச் செய்ததுதான் எஸ்எல்டி, அதாவது சாலிட் லாஜிக் டெக்னாலஜி. அரை அங்குலச் சதுரப் பீங்கான் தட்டு ஒன்று. அதன் மேல் கம்பித் தடங்களையும் ரெசிஸ்டர்களையும் பசை போல அச்சடித்துச் சூளையில் சுட்டிருப்பார்கள். கண்ணாடித் தூள் பூசிய பொடிப்பொடி டிரான்சிஸ்டர்களும் டையோடுகளும் அதன் மேல் குப்புறக் கவிழ்ந்து ஒட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அலுமினிய மூடி. வெளியிலிருந்து பார்த்தால் மூடியும் அதன் ஓரத்தில் கீழே இறங்கும் பின்களும்தான் தெரியும்.

என்னிடம் இருந்த ஒரு மூடி ஏற்கனவே பிய்ந்து போயிருந்தது. பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கருப்பு ரெசிஸ்டர் பட்டைகளில் ஒரு பக்கம் மட்டும் பொடி மணலால் அரித்தது போல ஒரு வெட்டு. ரெசிஸ்டரின் அளவைச் சரியாகக் கொண்டுவர, தயாரிக்கும்போதே ஒவ்வொன்றையும் அப்படி அரித்துத் திருத்துவார்களாம். அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலை பட்ட பாடு அந்த நுனியளவு வெட்டில் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து நான் எந்தக் கார்டையும் உருக்கக் கொடுப்பதில்லை.

தங்க இழை போன்ற மெல்லிய கம்பி சில்லிலிருந்து விளிம்புக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். எஸ்எல்டி காலத்திலிருந்தே ஐபிஎம் தன் பெரிய இயந்திரங்களில் சில்லைக் குப்புறக் கவிழ்த்துத்தான் ஒட்டியது. ஆகவே இழை தெரிந்தால் ஐபிஎம் மெயின்பிரேம் என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வர வேண்டாம்.

சின்ன எஸ்எல்டி கார்டின் அடியில் ஒரு செருகி இருக்கும். அதில் 12 வீதம் இரண்டு வரிசை, மொத்தம் 24 தொடுமுனைகள். கார்டு இரட்டை அகலமானால் 48. இதே அரை அங்குல மூடிக்குள் பின்னால் முழு ஐசிக்களை வைத்தார்கள். அதற்கு எம்எஸ்டி, அதாவது மானலிதிக் சிஸ்டம்ஸ் டெக்னாலஜி என்று பெயர். 1970-ல் வந்த சிஸ்டம்/370-ல் அதுதான். ஐஐடி மெட்ராஸில் 1973-ல் நிறுவிய 370/155 இந்தக் குடும்பம். வெளித்தோற்றத்தில் எஸ்எல்டியும் எம்எஸ்டியும் ஒட்டிப் பிறந்தவை போல இருக்கும், பிரித்துச் சொல்ல மூடி எண் வேண்டும். நார் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

மூன்றாவது, சேகரிப்பவர்கள் கண் வைக்கும் பொருள். 1980 நவம்பரில் அறிவித்த 3081-ல் ஐபிஎம் டிசிஎம், அதாவது தெர்மல் கண்டக்ஷன் மாடுல் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 90 மில்லிமீட்டர் சதுரப் பீங்கான் பலகை. ஒரே தட்டாகத் தெரியும், ஆனால் உள்ளே 33 அடுக்குகள், ஒவ்வொன்றிலும் கம்பித் தடங்கள். மேலே நூறுக்கும் மேற்பட்ட சில்லுகள் கட்டம் கட்டமாக. கீழே 1800 பின்கள். ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஓர் அலுமினிய பிஸ்டன் சுருள்வில் அழுத்தத்தில் வந்து உட்காரும். சுற்றிலும் ஹீலியம் அடைத்து, மேல்தட்டில் தண்ணீர் ஓடவிட்டுச் சூட்டை இறக்குவார்கள். முழு டிசிஎம் நம் கைக்கு வருவது அபூர்வம். தண்ணீர்த் தட்டும் பிஸ்டன் கூடும் உலோக விலைக்குத் தனியாகப் போயிருக்கும், பீங்கான் பலகை மட்டும் மிஞ்சும். சில்லுகளின் முதுகு மங்கிய கண்ணாடி போலச் சாம்பல் நிறத்தில் மின்னும். சில பலகைகளில் சில்லுகளுக்கு நடுவே முடி கனத்தில் கம்பிகள் தாண்டித் தாண்டி ஓடும். அவை பிற்பாடு திருத்தம் செய்தபோது போட்டவை. அதைக் கண்டால் கம்பியைத் தொடாமல் அப்படியே ஒரு டப்பாவில் வையுங்கள்.

1990களின் நடுவில் ஐபிஎம் மெயின்பிரேம்கள் சிமாஸ் என்ற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் சில்லு வகைக்கு மாறின. அதன் பிறகு வந்த பலகைகளில் சில்லுகளின் எண்ணிக்கை குறைந்து அளவு பெரிதானது. 2000-ல் வந்த இசட்900-ல் 127 மில்லிமீட்டர் பலகையில் 35 சில்லுகள், 101 அடுக்குகள். 2008-ன் இசட்10-ல் 96 மில்லிமீட்டர், சில்லுகள் ஏழே ஏழு. சில்லுகளை எண்ணிப் பாருங்கள், ஸ்கேலால் அளந்து பாருங்கள், தலைமுறை தெரிந்துவிடும்.

ஐபிஎம் அல்லாதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நம் பக்கம் அவை குறைவு. 1975-ல் வந்த ஆம்டால் 470வி/6 பலகையில் ஒவ்வொரு சில்லின் தலையிலும் வட்ட வட்டத் தகடுகள் அடுக்கிய ஒரு சின்னக் கோபுரம் நிற்கும். ஒரு பலகையில் 42 வரை. தண்ணீர் வேண்டாம், காற்றே போதும் என்று செய்த ஏற்பாடு. இதைச் செய்த ஜீன் ஆம்டால்தான் முன்பு சிஸ்டம்/360-ன் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர். 1964-ன் சிடிசி 6600 கார்டு இன்னொரு வகை: இரண்டு சின்னப் பலகைகளுக்கு நடுவே ரெசிஸ்டர்களை விறகு அடுக்கியது போல நிற்கவைத்திருப்பார்கள். ஒருமுறை பார்த்தால் மறக்காது. எழுத்துகள் ரஷ்யமாக இருந்து, கே155 என்று தொடங்கும் ஐசிக்கள் இருந்தால் அது சோவியத் சரக்கு. சிஸ்டம்/360-ஐப் பின்பற்றி அவர்கள் செய்த ஈஎஸ் வரிசை இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் கே155 ஐசியைச் சோவியத் நாட்டில் எல்லாச் சாமானிலும் போட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வெர்னியர் இருந்தால் பின்களின் இடைவெளியை அளக்கலாம். அமெரிக்கச் செருகியில் 2.54 மில்லிமீட்டர், சோவியத் செருகியில் 2.5. ஒரு பின்னில் வித்தியாசம் தெரியாது. முப்பது நாற்பது பின் நீளத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும்.

எண்ணும் தேதியும்

குடும்பம் தெரிந்தது. இப்போது வருடம்.

சாதாரண ஐசிக்களில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பாகத்தின் பெயர், இன்னொன்று தயாரித்த தேதி. தேதி பெரும்பாலும் நான்கு இலக்கம், முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம். 7423 என்றால் 1974-ன் 23-வது வாரம். கேட்க எளிது. ஆனால் இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் வழுக்குகிறார்கள். 1970களில் அதிகம் பயன்பட்ட ஐசி வரிசையின் பெயரே 7400. 7432 என்று ஒரு சில்லில் எழுதியிருந்தால் அது நாலு ஆர் கேட் (ஒரு வகைத் தர்க்கச் சுற்று) உள்ள ஐசியின் பெயராகவும் இருக்கலாம், 1974-ன் 32-வது வாரமாகவும் இருக்கலாம். முன்னால் எஸ்என், டிஎம் போன்ற எழுத்துகளோ பின்னால் என், ஜே போன்ற எழுத்தோ ஒட்டியிருந்தால் அது பெயர். தனியாக நின்றால் தேதி. கடைசி இரண்டு இலக்கம் 53-ஐத் தாண்டினால் அது வாரமாக இருக்கவே முடியாது.

ஒரு சில்லின் தேதியை வைத்துக் கார்டின் வயதைச் சொல்லாதீர்கள். கார்டில் உள்ள எல்லாத் தேதிகளையும் குறித்துக்கொண்டு, அதில் மிகப் பிந்தியதை எடுங்கள். கார்டு அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஐந்தாறு வருடம் பிந்தியிருந்தால் அது ரிப்பேரில் மாற்றியது. பின்பக்கம் அந்தக் கால்களில் சால்டர் புதிதாக, உருண்டையாக இருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகம் தீரும். என் தொழிலில் தினமும் செய்கிற வேலை இது. எக்கோ சவுண்டரில் முன்பு கை வைத்தவர் யார் என்றுகூட சால்டரைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஐபிஎம் மூடிகளில் இருப்பது கம்பெனியின் உள் எண். ஆறு ஏழு இலக்கம். எந்த ஐசி புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அந்தக் காலத்துப் பராமரிப்புக் கையேடுகளும் பாகப் பட்டியல்களும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் நிறையவே இருக்கின்றன. கார்டின் எண், மூடிகளின் எண் இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒவ்வொரு மூடியின் எண்ணையும் அது இருக்கும் இடத்தோடு ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டால், அதே மாதிரி கார்டு எங்காவது படத்தில் வரும்போது உடனே பிடிபடும்.

வருடம் கிடைத்ததும் இந்திய வரலாற்றோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஐபிஎம் 1978-ல் இந்தியாவை விட்டுப் போனது. 1980களின் ஐபிஎம் பலகை ஒன்று இங்கே கிடைத்தால் அது வெளிநாட்டுக் கழிவாக வந்திருக்கும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் உள்ளூர் அலுவலகக் கதைகளை நம்பி நேரத்தை விரயமாக்க வேண்டாம்.

மெயின்பிரேம் போலவே இருக்கும், ஆனால் இல்லை

நம் ஊர்க் கடைகளில் பொன்முலாம் பூசிய பெரிய கார்டு என்றால் பத்துக்கு எட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்ததாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். 1980களிலும் 90களிலும் நாடு முழுக்க மின்னணு எக்ஸ்சேஞ்சுகள் வந்தன, பிறகு மொத்தமாகக் கழன்றன. சி-டாட், ஐடிஐ என்ற இந்தியத் தொலைபேசி நிறுவனங்களின் எழுத்துகள் எங்காவது இருக்கும். ஒரே சுற்று எட்டு முறையோ பதினாறு முறையோ அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வருகிறதா, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ரிலே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சந்தாதாரர் லைன் கார்டு. ஒரு வீட்டுக்கு ஒரு சுற்று.

ஊதா நிறப் பீங்கான், நடுவில் பொன் மூடி, கீழே பின்கள். பார்க்க அழகாக இருக்கும், மெயின்பிரேம் என்று சொல்லி விற்பார்கள். பின்களை எண்ணுங்கள். 168 என்றால் இன்டெல் 486, 387 என்றால் 1995-ன் பென்டியம் புரோ. இரண்டும் மேசைக் கணினி வர்க்கம்.

அலுமினியச் சதுர மூடி இருந்தாலே மெயின்பிரேம் என்று நினைப்பதும் தவறு. ஐபிஎம் அதே மாதிரி மூடிகளை டெர்மினல், சிறு கணினி, பிஎஸ்/2 என்ற மேசைக் கணினி வரை போட்டது. எஸ்எல்டி கார்டுகளே 1965-ன் 1130 என்ற சின்னக் கணினியிலும் இருந்தன. ஐபிஎம்மின் பவர்5 புராசஸர் பலகை இன்னும் குழப்பும்: 95 மில்லிமீட்டர், எட்டு பெரிய சில்லுகள். மெயின்பிரேம் பலகை போலவே இருக்கும், ஆனால் யூனிக்ஸ் சர்வருடையது.

சட்டத்தில் கம்பி பாவி, கம்பிகள் குறுக்கிடும் இடமெல்லாம் கடுகை விடச் சிறிய கருப்பு வளையங்கள் கோத்திருந்தால் அது கோர் மெமரி. ஒரு வளையம் ஒரு பிட். ஐஐடியில் இருந்த 370/155 வரை இதுதான் நினைவகம். புராசஸர் அல்ல என்றாலும் கிடைத்தால் விடாதீர்கள், வலை பின்னத் தெரிந்த நம் பாட்டிமார்கள் அதை லென்ஸில் பார்த்தால் வேலைப்பாட்டை உடனே மெச்சுவார்கள்.

தங்கத்தைப் பற்றி

“தம்பி, இதை ஆசிட்ல போட்டா தங்கம் வரும்ல?” என்று காக்கா மட்டுமல்ல, எல்லாரும் கேட்கிறார்கள். வரும், மிகக் கொஞ்சம். அதற்காக நைட்ரிக் அமிலத்தை வீட்டு முற்றத்தில் கொதிக்கவிட்டால் கிளம்பும் பழுப்புப் புகை நுரையீரலை அரிக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ராத்திரி மூச்சுத் திணறும். மிச்சத்தை மண்ணில் ஊற்றினால் நம் கிணறு போச்சு, ஏற்கனவே உவர் ஏறிய கிணறு. வெள்ளைப் பீங்கான் பாகங்களை உடைப்பதோ அரைப்பதோ கூடவே கூடாது. சில பழைய பாகங்களில் பெரிலியம் ஆக்சைடு கலந்த பீங்கான் இருக்கும். முழுதாக இருக்கும்வரை தொந்தரவு இல்லை, தூளாக மூச்சில் போனால் தீராத நோய். உங்களுக்கு வேண்டாத கார்டுகளை இ-கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இ-கழிவு விதிகள் அதைத்தான் சொல்கின்றன.

உப்புக் காற்றில் பாதுகாப்பது

மண்டபத்தில் உலோக அரிப்பைச் சோதிக்கவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட காற்று நம்முடையது. பொன்முலாம் இருந்தால் துரு வராது என்று நினைக்கக் கூடாது. முலாம் மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியே உப்பு ஈரம் அடியில் உள்ள உலோகத்தைப் பிடிக்கும், பச்சையாகப் பூத்து மேலே வரும்.

ஒவ்வொரு கார்டையும் ஜிப் கவரில் தனித்தனியாகப் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று சேர்த்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஜெல்லை மாற்றுங்கள். பின்களைப் பழைய கருப்பு ஃபோமில் குத்தி வைக்க வேண்டாம். அந்த ஃபோம் வருடக் கணக்கில் நைந்து பிசுபிசுத்து, பின்களையே அரிக்கும். கடல் பக்கச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், வீட்டின் உள்கட்டில் வையுங்கள்.

கவருக்குள் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். எங்கே கிடைத்தது, எப்போது, கூட என்ன இருந்தது, அளவு, எல்லா எண்களும், பிந்திய தேதி. அதற்குக் கீழே முடிவு. முடிவை நான் மூன்று தரமாக எழுதுகிறேன்: இயந்திரம் உறுதி, குடும்பம் மட்டும் உறுதி, யூகம். பெயர்த்தகடோ, செருகியிருந்த இடத்தின் படமோ, பாகப் பட்டியலில் நேர்ப் பொருத்தமோ இல்லாமல் முதல் தரம் கொடுப்பதில்லை.

காக்காவிடம் வாங்கிய நாலில் மூன்று கார்டுகளின் சீட்டில் “எஸ்எல்டி, குடும்பம் மட்டும் உறுதி” என்று இருக்கிறது, அதன் கீழே மூடி எண்கள் பதினெட்டும் வரிசையாக. நாலாவது கார்டின் சீட்டில் எண்ணுக்கான ஆறு கட்டங்களும் காலி. பக்கத்தில், “போர் தண்ணீரில் கழுவியபோது அழிந்தன” என்று எழுதி வைத்திருக்கிறேன்.